பழைய லென்சில் உன் அம்மா

தம்பி,

போன வாரம் நீ அனுப்பிய குறுஞ்செய்தியில் செய்தி எது என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "கெளம்பறதுக்கு முன்னாடி ட்ரைபாட யாருக்காவது குடுத்துடலாம்னு இருக்கேன், உங்களுக்கு வேணுமாப்பா" என்று எழுதியிருந்தாய். நான் முதலில் அந்தக் கேமரா முக்காலியைப் பற்றித்தான் யோசித்தேன். வைக்க இடம் இருக்கிறதா, கால் மூன்றையும் விரித்தால் கூடத்தில் நடக்க முடியுமா என்றெல்லாம் பார்த்துவிட்டு, பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த முதல் இரண்டு சொற்கள் கண்ணில் பட்டன. பாலக்கோடு தாலுகாவிலிருந்து வாழ்நாளில் பாதியை நாளிதழுக்குச் செய்தி அனுப்பியே கழித்தவன் நான். முக்கியமானதை ஒளித்து வைக்காதே என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எங்கே கிளம்புகிறாய் என்று கேட்டேன். ஜெர்மனி என்றாய். விசா வந்துவிட்டது, மாதக் கடைசியில் டிக்கெட், இரண்டு பேரும் போகிறோம், இப்போதைக்கு மூன்று வருட வேலை. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. கேட்காமல் இருந்திருந்தால் எப்போது தெரிந்திருக்கும் என்று நான் உன்னிடம் கேட்கவில்லை.

ட்ரைபாட் வேண்டாம். எனக்கு வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போவதற்கு முன் ஒரு நாள் மாரண்டஹள்ளிக்கு வந்து உன் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போ. உன் கல்யாணத்துக்குப் பிறகு இந்த இரண்டு வருடத்தில் நீங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பெங்களூரில் நீ இருந்தவரை, காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம் என்கிற தூரத்தில் இருந்தாய். வரவில்லை என்றாலும், நாளைக்கு வரலாம் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. அந்த நினைப்பை வைத்துக்கொண்டு நானும் நாட்களைத் தள்ளிவிட்டேன். இனி அது முடியாது.

நான் இப்போதும் மாதம் ஒரு கட்டுரை எழுதுகிற பத்திரிகைக்கும் இந்தக் கடிதத்தை அனுப்பலாம் என்று இருக்கிறேன். முதலில் உனக்குத்தான் வரும். வேண்டாம் என்று நீ சொன்னால் அனுப்ப மாட்டேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. பத்திரிகைக்கு ஏன் அனுப்புகிறேன் என்பது உனக்கே தெரியும். உன் அம்மாவுக்கு நான் வாயால் சொல்வதில் நம்பிக்கை குறைவு. அதுவே அச்சில் வந்துவிட்டால் ஒரு வரி விடாமல் படிப்பாள். நேற்று இதையேதானே சொன்னேன் என்றால், "நீங்க சொன்னீங்க. பேப்பர்லயே போட்டிருக்கான் பாருங்க" என்பாள். அதை எழுதியவனும் நான்தான் என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அந்தச் சண்டையை நான் எப்படிப் பார்த்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. உன் கல்யாணப் பேச்சு முடிவானபோது உன் மாமா இறந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்கு ஒரே தம்பி. தாய்மாமன் செய்ய வேண்டியதையெல்லாம் நீ பிறந்ததிலிருந்து திட்டம் போட்டு வைத்திருந்த மனுஷன். வருஷத் திதி கழியட்டும், பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னாள். பெண்ணின் அப்பாவுக்கோ உடம்பு மிகவும் மோசம். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். தள்ளிப்போட முடியாது என்று நீ சொன்னாய். "எந்தம்பி நிக்க வேண்டிய மேடையில அவன் இல்லாம நான் ஏற மாட்டேன்" என்று அவள் போனில் சொன்னாள். "வராட்டி விடுங்க" என்று நீ சொன்னாய். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு மேல் எதுவும் நடக்கவில்லை. கல்யாணத்துக்கு நான் மட்டும் வந்தேன். அம்மாவைக் கூப்பிடுங்க என்று ஐயர் இரண்டு முறை கேட்டார், இரண்டாவது முறை உன் மாமனார் அவரிடம் ஏதோ சொல்லி நிறுத்தினார். சில வாரத்தில் அவரும் போய்விட்டார். ஒரு பக்கம் மட்டும் தப்பு இருக்கிற சண்டை சீக்கிரம் ஓய்ந்துவிடும், தம்பி. தப்புச் செய்தவர் என்றைக்காவது களைத்துப்போவார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் யாருக்கும் களைப்பு வருவதில்லை. நீயும் அந்தப் பெண்ணும் தெரியாத ஊரில் தனியாகக் குடும்பம் நடத்தப் போகிறீர்கள் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்று உனக்கு மிகவும் உறுதியாகத் தெரிகிற நாளில் நீயே முதலில் எழுந்து போய் ஏதாவது பேசு. சாப்பாட்டைப் பற்றியாவது பேசு.

இனி கேமரா கதைக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன் உன் சாமான்களை எடுத்துப்போக வந்தவன், லென்சுகளை எடுத்துக்கொண்டு பழைய மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவை மட்டும் பீரோவில் விட்டுப் போயிருந்தாய். புதிது வாங்கிவிட்டதால் அது உனக்குத் தேவைப்படவில்லை. லென்ஸ் இல்லாமல், வாயில் ஒரு பிளாஸ்டிக் மூடியோடு துணிகளுக்கு அடியில் கிடந்தது. என்னிடம் இருந்ததோ நேர் எதிர். நான் செய்திப்படம் எடுத்த பிலிம் கேமராவின் ஷட்டர் என்றோ செத்துப்போய்விட்டது. அதன் லென்சுகள் இரண்டு, ஒரு ஐம்பது மில்லிமீட்டர், தள்ளி நின்று எடுக்க ஒரு நூற்று முப்பத்தைந்து, டப்பாவில் இருந்தன. கிராம சுகாதார செவிலியராக இருந்த காலத்தில் மாத்திரை டப்பாக்களிலிருந்து ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை உன் அம்மா சேர்த்துவைப்பாள். அதைப் போட்டு மூடி வைத்ததால் ஐம்பதின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பூஞ்சை பிடித்திருந்தது. உன் கேமராவில் என் லென்சை மாட்ட வழி இருக்கிறது, நடுவில் ஒரு அடாப்டர் வளையம் போட்டால் போதும் என்று எங்கோ படித்தேன். எந்த வளையம் வாங்குவது என்று உனக்கு எழுதினேன்.

அதற்கு முன் நான் எழுதியதை எல்லாம் நீ பார்த்திருப்பாய். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, அங்கே மழையா. இவற்றுக்கு நீ ஒரு கட்டைவிரலை அனுப்புவாய். சில நாள் அதுவும் இராது. வளையத்தைப் பற்றிக் கேட்டபோது உடனே பதில் வந்தது. "திருகற மாதிரி மவுண்ட்டா, பயனெட்டாப்பா? லென்ஸோட பின்பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புங்க." லென்சைக் கேமராவில் பூட்டும் விதத்தைப் பற்றிய அதுதான் கல்யாணத்துக்குப் பிறகு நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி. ஆள் வாயைத் திறக்க வேண்டுமானால் அவருக்குத் தெரிந்த விஷயத்தில் கேட்க வேண்டும் என்பது என் தொழிலில் முதல் பாடம். தக்காளி மண்டிக்காரரிடம் அரசியல் கேட்டால் நகர்ந்துவிடுவார், வரத்து எப்படி என்று கேட்டால் அரசியலையும் சேர்த்துச் சொல்வார். சொந்தப் பிள்ளையிடம் இது எனக்குத் தோன்ற இத்தனை நாள் ஆயிற்று. அதன் பிறகு நான் கேட்ட கேள்விகளில் பாதிக்கு விடை எனக்கு முன்பே தெரியும். அது உனக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வளையம் வந்தது, லென்சை மாட்டினேன், கேமரா படம் எடுக்க மறுத்தது. லென்சே இல்லை என்று திரையில் எழுதிக் காட்டியது. மின்சாரத் தொடர்பு எதுவும் இல்லாத பழைய லென்ஸ் முன்னால் இருப்பதை அதனால் உணர முடியவில்லை. மெனுவில் எங்கே போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் எடு என்கிற வசதியை இயக்க வேண்டும் என்று நீ வட்டம் போட்டு அனுப்பினாய். மாற்றிவிட்டு நிமிர்ந்தபோது எதிரில் உன் அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். உன் கேமராவின் சென்சார் பிலிமைவிடச் சின்னது. பழைய ஐம்பதில் நான் பார்த்துப் பழகிய காட்சியின் ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, அவள் முகம் மட்டும் வந்து நின்றது. வீட்டில் அசையாமல் உட்காரக்கூடியவள் அவள் ஒருத்திதான் என்பதால் எடுத்தேன். உண்மையில் அதற்கு மேல் எந்த யோசனையும் அப்போது இல்லை. கூர்மை போதுமா என்று கேட்டு உனக்கு அனுப்பினேன். "போகஸ் அம்மா காதுல இருக்குப்பா. கண்ணுல இல்ல. இடது கண்ணு லேசா மங்கலா இருக்கு" என்று பதில் போட்டாய்.

நான் அதைப் படித்துவிட்டு அந்தப் படத்தைப் போனில் திறந்து பார்த்தேன். சாதாரணமாகப் பார்த்தால் எல்லாமே கூர்மையாகத்தான் இருந்தது. இரண்டு விரலால் விரித்தேன், இன்னும் தெரியவில்லை. இன்னும் விரித்து, திரை முழுக்க அவளுடைய கன்னமும் கண்ணும் காதும் மட்டும் இருக்கும்படி ஆன பிறகுதான் இடது கண் மங்கலாக இருப்பது தெரிந்தது. அப்படியானால் நீயும் அங்கே எங்கோ உட்கார்ந்து அவள் முகத்தை அத்தனை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாய். சமையலறைக்குப் போய், "உம்பையன் சொல்றான், போகஸ் காதுல விழுந்திருக்காம்" என்றேன். "யாரு கேட்டா?" என்றாள். நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். குக்கர் ஒரு விசில் விட்டது. "எந்தக் காது?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. இடது காது என்றேன். மறுநாள் அவள் வேறு தோடு போட்டிருந்தாள்.

இந்த இரண்டு வருடத்தில் உனக்கு நான் அனுப்பியதெல்லாம் லென்ஸ் சோதனைப் படங்கள். அவற்றில் இருந்ததெல்லாம் உன் அம்மா. எதிர் வெயிலில் எடுத்தால் பால் கலந்தது போல வெளுக்கிறதே, பூஞ்சையா என்று கேட்டேன். "அந்த மங்கல் நல்லாத்தான் இருக்கு, துடைக்காதீங்க" என்றாய். ஒவ்வொரு படத்துக்கும் நீ தவறாமல் கேட்டது, அப்பர்ச்சர், அதாவது லென்சின் திறப்பு, எவ்வளவு வைத்தீர்கள், எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள் என்பது. புது லென்சாக இருந்தால் இதையெல்லாம் கேமராவே படத்தோடு எழுதி வைத்துவிடும், நீ கேட்கவே தேவையில்லை. பழைய லென்ஸ் எதையும் சொல்வதில்லை என்பதால் அந்த இடங்கள் காலியாக இருக்கும். நான்தான் எழுத வேண்டும். "எஃப் நாலு. கிணற்று மேடையிலிருந்து. அம்மா வெங்காயம் காய வைக்கிறாள். கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பார்த்தாயா?" கடைசி வாக்கியத்துக்கு நீ பதில் சொல்ல மாட்டாய். அடுத்த படத்தில் கையைக் கொஞ்சம் பெரிதாக எடுத்துப் பாருங்கள், நூற்று முப்பத்தைந்தில் எடுங்கள் என்பாய். எனக்கு அது போதுமானதாக இருந்தது. போதாது என்று இப்போதுதான் தெரிகிறது.

கூர்மையான விளிம்புகளைச் சிவப்புக் கோடாகக் காட்டும் வசதியை நீதான் போட்டுக்கொடுத்தாய். எனக்கு வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது. அந்தச் சிவப்பு இல்லாவிட்டால் இந்த வயதில் கையால் போகஸ் செய்வது நடக்காது. அதை வைத்து உன் அம்மாவைப் பார்க்கும்போது, அவளுடைய கண்ணுக்கு முன்பே நெற்றியும் கண்ணோரச் சுருக்கங்களும்தான் சிவந்துவிடுகின்றன. ஒரு நாள் திரையை எட்டிப் பார்த்துவிட்டாள். "என்னங்க இது, மூஞ்சியெல்லாம் அக்கி வந்தாப்ல" என்று பயந்தாள். விளக்கிச் சொன்னேன். "உங்களுக்கு ஒண்ணும் செவக்கலையே" என்றாள். நான் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறேன் என்றேன். "எப்பவுமே அங்கதான இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நூற்று முப்பத்தைந்தை மாட்டிக்கொண்டு நான் தள்ளி நின்று எடுத்த நாளில், "எதுக்கு மறைஞ்சு நின்னு எடுக்கறீங்க, போலீஸ்காரனாட்டம்? வூட்டுக்குள்ள வந்து எடுக்கறது" என்றாள். எல்லாம் திட்டு மாதிரிதான் வரும். ஆனால் படங்கள் யாருக்குப் போகின்றன என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை, தலையைச் சீவாமல் கேமரா முன் உட்கார்வதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

போன மாதம் ஒரு நாள் காலை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, அவள் அந்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ளச் சொல்லி நீ பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பிய சேலை. பெட்டியிலிருந்து அது வெளியே வந்ததே இல்லை. எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டேன். "எங்கயும் இல்ல. ஒரு போட்டோ எடுங்க. சீக்கிரம், அடுப்புல பருப்பு இருக்குது." மடிப்பு மடிப்பாக நெசவுக் கஞ்சி கலையாத சேலை. நான் எழுந்து கேமராவை எடுத்தேன். கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டுத் திரையில் பெரிதாக்கி, போகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டு நின்றால் அவள் மனசு மாறி எழுந்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தில் கை அதன் பழைய வழிக்குப் போய்விட்டது.

அந்தப் பழைய வழி உனக்குத் தெரியாது. பிலிம் நாட்களில் கூட்டத்தில் நின்று போகஸ் பார்க்க நேரம் இருக்காது. தூரத்தைக் கண்ணால் அளந்து, லென்ஸ் வளையத்தில் எழுதியிருக்கும் அடிக்கணக்கில் வைத்துவிட்டு, பார்க்காமலே அடித்துவிடுவோம். எட்டடி என்றால் எனக்கு ஒரு கட்டில் நீளமும் அதற்கு மேல் ஒரு எட்டு வைக்கிற தூரமும். யானை புகுந்த வயலில், மறியலில், கலெக்டர் இறங்கும் ஜீப்புக்கு முன்னால் எல்லாம் அப்படித்தான். பிலிம் சுருளை உறையில் போட்டுச் சேலம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் மறுநாள் பேப்பரில் படம் கூர்மையாக இருக்கும். உன் அம்மாவையும் அப்படியே எடுத்தேன். அவளுக்கும் எனக்கும் எட்டடி, கூடத்தில் வெளிச்சம் குறைவு என்பதால் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, முகத்தைத் திரையில் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நாலைந்து படம் அடித்தேன். அவள் சிரித்தாள் என்று சொல்ல மாட்டேன். வாயை இறுக்காமல் இருந்தாள். கேமராவைப் பார்த்தாள். இதற்கு முன் எந்தப் படத்திலும் அவள் கேமராவைப் பார்த்ததில்லை. எடுத்த கையோடு உனக்கு அனுப்பிவிட்டேன்.

உன் பதில் வர வெகு நேரம் ஆனது. "எல்லாத்துலயும் பின்னாடி காலண்டர்ல போகஸ் இருக்குப்பா. அடாப்டர் மெலிசா இருக்கு. லென்ஸ் வளையத்துல இருக்கற நம்பர நம்பாதீங்க." பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் முகம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல இருந்தது. பின்னால் மளிகைக்கடைக் காலண்டரில் அன்றைய ராகுகாலம் எத்தனை மணிக்கு என்பது வரை படிக்க முடிந்தது. அந்த அடாப்டர் வளையம் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் மெலிதாம். லென்ஸ் சென்சாருக்கு அந்த அளவு கிட்டே போய்விடுகிறது, எட்டடி என்று வைத்தால் அது அவளைத் தாண்டிச் சுவரைப் பார்க்கிறது. திரையில் பார்த்து எடுத்தவரை இது தெரியவே வழியில்லை, எண்ணை நம்பி எடுத்த ஒரே நாளில் தெரிந்துவிட்டது. அதன் பிறகு நீ ஏதோ எழுதுகிறாய் என்று போன் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைசியில், "சேலை நிறம் நல்லா வந்திருக்கு" என்று வந்தது. அது லென்சைப் பற்றிய பதில் இல்லை, தம்பி. அதை நான் எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும்.

அவள் அதற்குள் சேலையை மாற்றியிருந்தாள். "சரியா விழலையாம். இன்னொருக்கா கட்டிக்கிட்டு உக்காரு" என்றேன்.

"அவஞ் சொன்னானா?"

"ஆமா. பின்னாடி காலண்டர்ல விழுந்துருச்சாம்."

"ராகுகாலம் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப அதையே பிரேம் போட்டு மாட்டுங்க" என்றாள். பருப்பைக் கடைந்துகொண்டே பேசினாள், என்னைப் பார்க்கவில்லை. "கலெக்டரையும் தக்காளியையும் ஊரெல்லாம் போயி எடுத்தீங்க. கட்டிக்கிட்டவள ஒரு படம் ஒழுங்கா எடுக்கத் தெரியல. நான் இனி உக்கார மாட்டேன். எடுக்கத் தெரிஞ்சவன் வந்து எடுக்கட்டும்."

அவள் என்ன சொன்னாள் என்பது அவளுக்கும் காதில் விழுந்திருக்க வேண்டும். மத்தை வைத்துவிட்டுத் தாளிப்புக் கரண்டியைத் தேட ஆரம்பித்தாள், அது அவள் கைக்கு முன்னால்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலை பீரோவைத் திறந்தபோது பார்த்தேன். அந்தச் சேலைப் பெட்டியைப் பழையபடி அடித்தட்டில் வைக்கவில்லை. தினம் கட்டுகிற சேலைகளுக்குப் பக்கத்தில், பெட்டி இல்லாமல், சேலையாக மடித்து வைத்திருந்தாள். இதை உடனே உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். போனில் நாலு வரியில் எழுதினால் அதற்கும் கட்டைவிரல் வந்துவிடுமோ என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் உன் ட்ரைபாட் செய்தி வந்துவிட்டது.

நீ ஜெர்மனி போவதை அவளிடம் நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருடம் என்று கேட்கவில்லை, எப்போது என்று கேட்கவில்லை. கையிலிருந்த துண்டை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். "அங்க ரொம்பக் குளுருமா?" என்றாள். குளிரும் என்றேன். "அந்தப் பொண்ணுக்கு வீசிங் இருக்குதுன்னு முன்ன சொன்னீங்களே." நான் எப்போது சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. சம்பந்தம் பேசிய நாட்களில் ஏதோ பேச்சில் சொல்லியிருப்பேன். "இன்ஹேலரு நாலஞ்சு மாசத்துக்கு இங்கருந்தே வாங்கிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. டாக்டர் சீட்டு கையில இருக்கணும், இல்லாட்டி ஏர்போர்ட்ல கேப்பாங்க. நான் சொன்னேன்னு சொல்ல வேணாம்." பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒருவரின் பெயரை என் தொழிலில் நான் வெளியிட்டதே இல்லை. இப்போது வெளியிடுகிறேன். இன்ஹேலர் விஷயத்தைச் சொன்னது உன் அம்மா.

எனக்கென்று ஒன்று சொல்லிக்கொள்ளலாம் என்றால், அது இது. உன் கேமராவில் இத்தனை படம் எடுத்திருக்கிறேன், உன்னுடைய படம் ஒன்றுகூட இல்லை. உன் மாமனார் காரியத்துக்கு வந்தபோது உன்னைப் பார்த்ததுதான். நான் மட்டும் அடிக்கடி பெங்களூர் வந்து போயிருக்கலாம். அவளை இங்கே உட்காரவைத்துவிட்டு வருவது அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்வது போல இருந்தது. நீ தாடி வைத்திருக்கிறாய் என்று பாலக்கோட்டில் உன் கூடப் படித்தவன் ஒருவன் பஸ்ஸில் சொன்னான். கொஞ்சம் நரைத்திருக்கிறது என்றும் சொன்னான். உனக்கு நரை எந்தப் பக்கம் தொடங்கியிருக்கிறது என்று நான் அவனிடம் கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் பக்கம் நடைக்குப் போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இறங்குகிறவர்களைப் பார்ப்பேன். காய்கறி மூட்டைக்காரர்கள், ஓசூரில் வேலைக்குப் போய்த் திரும்புகிற பிள்ளைகள். அவர்களில் தாடி வைத்தவர்களை இப்போது கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கிறேன்.

வந்தால் பழையதை எடுக்காதே. எப்படி இருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தாலும் அவளுக்கு அழுகை வரும், அழுதுவிட்டோமே என்று கோபம் வரும். எங்கே உட்காருகிறீர்கள், ஜன்னல் பக்கமா, வாசல் பக்கமா என்று கேள். அதற்கு அவளிடம் பதில் இருக்கும். உன் லென்சில் எடுத்தாலும் சரி, என் லென்சில் எடுத்தாலும் சரி. நீ அவள் கண்ணைப் பார்த்துப் போகஸ் வைக்கும்போது நான் அந்த அறையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அந்த நேரத்தில் நான் படம் எடுக்கப் போவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். பத்திரிகைக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எதைப் பற்றி என்றாள். பழைய லென்சைப் புதுக் கேமராவில் மாட்டுவதைப் பற்றி என்றேன். அது பொய் இல்லை. அவள் போகவில்லை, மேசை ஓரத்தில் நின்று விரலால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ரெண்டு பேரும் வர்றதா இருந்தா காலைலயே வந்துரச் சொல்லி எழுதுங்க. சாயங்காலம் எடுத்தா எனக்கு மூஞ்சி கருப்பா விழுது" என்றாள். இப்படிப்பட்ட இடத்தில் காதில் விழுந்ததை அப்படியே எழுதிவிடக் கூடாது, உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது என் பழக்கம். "ரெண்டு பேருமா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவ சொன்னா எழுதிக்க மாட்டீங்களா?" என்றாள்.

எழுதிக்கொண்டேன்.

அப்பா